யுனிவர்சல் ரிமோட்

யுனிவர்சல் ரிமோட் என்பது வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர் முதலிய பலவற்றையும் இயக்க உதவும் ஒரே கையடக்கக் கருவி. பொதுத் தொலையியக்கி என்றும் கூறுவர். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சமிக்ஞை மொழி ஒன்றை வகுத்துக்கொண்டதால், அம்மொழிகளை இதற்கு முதலில் கற்றுத்தர வேண்டும். இக்கருவியின் வரலாறு அந்தக் கற்பித்தல் எளிதாகிவந்த வரலாறாகும்.

முன்னோடிகள்

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் ‘லேஸி போன்ஸ்’ என்ற ரிமோட்டை வெளியிட்டது. தொலைக்காட்சியோடு அதை இணைத்த கம்பி, வீட்டில் நடப்பவர்களின் காலை இடறியது. 1955இல் அந்நிறுவனப் பொறியாளர் யூஜின் பாலி, கம்பி இல்லாத ‘ஃபிளாஷ்மேட்டிக்’கை உருவாக்கினார். அதன் ஒளிக்கற்றையைத் திரையின் நான்கு மூலைகளில் இருந்த ஒளியுணரிகளில் பாய்ச்சித் தொலைக்காட்சியை இயக்கினர். ஆனால் வெயில் பட்டாலும் உணரிகள் வேலை செய்துவிட்டன. 1956இல் ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ வந்தது. பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தி ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். காதுக்கு எட்டாத மீயொலி எழும். தண்டின் நீளத்துக்கேற்ப அதிர்வெண் மாறும், அதற்கேற்பக் கட்டளையும் மாறும். அதற்கு பேட்டரியே தேவைப்படவில்லை.

அகச்சிவப்புக் கதிரும் குறியீடுகளும்

1980களில் மீயொலியின் இடத்தை அகச்சிவப்புக் கதிர் பிடித்தது. ரிமோட்டின் முனையிலுள்ள எல்.இ.டி. விளக்கு, கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்குப் பல்லாயிரம் முறை மினுக்குகிறது. பல செல்பேசிக் கேமராக்களில் பார்த்தால் அம்மினுக்கல் வெளிர் ஊதாவாகத் தெரியும்.

மினுக்கலும் இடைவெளியும் சேர்ந்ததே குறியீடு. ஜப்பானின் என்.இ.சி. முறையில் அதிர்வெண் 38 கிலோஹெர்ட்ஸ். முதலில் 9 மில்லிநொடி நீளும் துடிப்பு, அடுத்து 4.5 மில்லிநொடி மௌனம், அதன்பின் 32 பிட்டுகள். குறுகிய இடைவெளி 0, நீண்ட இடைவெளி 1. பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.-5 முறை 36 கிலோஹெர்ட்ஸிலும் சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. அதனால் ஒரு நிறுவனத்தின் ரிமோட்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் தொலைக்காட்சி பெரும்பாலும் செவிசாய்ப்பதில்லை. வீடுகளில் வீடியோ கேசட் கருவியும் கேபிள் பெட்டியும் சேரச் சேர, மேசைமேல் ரிமோட்டுகளும் பெருகின.

பொது ரிமோட்டின் பிறப்பு

நார்த் அமெரிக்கன் பிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் 1985இல் மேக்னவாக்ஸ் வணிகப்பெயரில் பொது ரிமோட்டை உருவாக்கினர். ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், சி.எல். 9 என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கி, 1987இல் ‘கோர்’ என்ற ரிமோட்டை வெளியிட்டார். மற்ற ரிமோட்டுகளின் சமிக்ஞைகளை வாங்கி நினைவில் வைக்கும் திறனும், கட்டளைகளை வரிசையாகத் தொகுக்கும் வசதியும் அதற்கு இருந்தன. கணினி வல்லுநருக்கு விருந்தான அது, சாதாரணப் பயனருக்குக் கடினமாகவே இருந்தது.

நிரலாக்கும் முறைகள்

இன்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன. முதலாவது குறியெண் முறை: ‘செட்’ பொத்தானை விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, கையேட்டில் அந்த நிறுவனத்துக்குத் தந்துள்ள எண்ணை இட வேண்டும். இரண்டாவது தேடல் முறை: ரிமோட் தன்னிடமுள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பும், தொலைக்காட்சி அணைந்ததும் நிறுத்திச் சேமிக்க வேண்டும்.

மூன்றாவது கற்றல் முறை. இரு ரிமோட்டுகளையும் மேசைமேல் முனைக்கு முனை எதிரெதிராக வைத்து, புதியதில் ஒரு பொத்தானையும் பழையதில் அதற்கு இணையான பொத்தானையும் அழுத்தினால், விளக்கு மின்னி ‘கற்றுக்கொண்டேன்’ என்று காட்டும். இந்தியாவின் பல டிடிஎச் ரிமோட்டுகளில் தொலைக்காட்சிக்கென ஒதுக்கிய சில பொத்தான்கள் இம்முறையிலேயே பழகுகின்றன.

ஏசி மட்டும் சற்று வேறு. அதன் ரிமோட் பொதுவாக ஒவ்வோர் அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்குமுறை அனைத்தையும் ஒருசேர அனுப்புகிறது. ஒரு பொத்தானின் சமிக்ஞையைப் பதிந்தால் அந்த ஒரு நிலை மட்டுமே பதிவாகும். ஏசிக்கெனத் தனிப் பொது ரிமோட்டுகள் விற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

பிற்கால வளர்ச்சி

கனடாவில் உருவான ‘ஹார்மனி’ ரிமோட், கருவிகளின் மாடல் எண்களை இணையத்தில் பதிந்தால் உரிய குறியீடுகளைத் தானே இறக்கிக்கொண்டது. ‘படம் பார்க்க’ என்ற ஒரே அழுத்தலில் திரை, ஒலிபெருக்கி, பிளேயர் மூன்றும் விழித்தன. 2004இல் லாஜிடெக் அதை வாங்கி, 2021இல் உற்பத்தியை நிறுத்தியது. 2013இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 4 போன்ற செல்பேசிகள் அகச்சிவப்பு விளக்குடன் தாமே ரிமோட்டாயின. எச்.டி.எம்.ஐ. கம்பிவழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியும் இன்று உண்டு.

எனினும் மலிவு விலைப் பொது ரிமோட் முதியோருக்கும், மூல ரிமோட்டைத் தொலைத்தவருக்கும் இன்னும் பெருந்துணை. அதற்குப் பாடம் சொல்லும் சிறந்த ஆசான் மூல ரிமோட்தான். அது பழுதாகும் முன்பே கற்பித்து வைப்பது நல்லது.