துணையற்ற சிறாரும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ‘துணையற்ற சிறார்’ எனப்படுவோர், 18 வயது நிரம்பாமலும், குடியேற்ற உரிமை இல்லாமலும், அந்நாட்டில் தம்மைப் பேணப் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ இல்லாமலும் இருக்கும் பிள்ளைகள் ஆவர். இவ்வரையறை 2002ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் இடம்பெற்றது என்றாலும், தனியே வரும் பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி அதைவிட நூறாண்டு மூத்தது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவர், பெற்றோர் முன்பே நியூயார்க்கில் குடியேறியிருக்க, அயர்லாந்திலிருந்து இரண்டு தம்பியரை அழைத்துக்கொண்டு கப்பலில் வந்த ஆனி மூர் என்ற 17 வயதுப் பெண். அவர் கையில் பத்து டாலர் பொற்காசு ஒன்றைக் கொடுத்து வரவேற்றனர். 1907ஆம் ஆண்டுச் சட்டமோ, தாயோ தந்தையோ உடன் வராத 16 வயதுக்குட்பட்டோரை விலக்கத்தக்கோர் வரிசையில் வைத்து, அனுமதிப்பதை அரசின் விருப்புரிமைக்கு விட்டது.

நாஜி ஜெர்மனியிலிருந்து இரண்டே ஆண்டுகளில் 20,000 பிள்ளைகளை, நாடுவாரியான ஆண்டு வரம்புக்கு வெளியே ஏற்பதற்காக 1939இல் செனட்டர் ராபர்ட் வாக்னரும் கீழவை உறுப்பினர் ஈடித் ரோஜர்ஸும் கொண்டுவந்த மசோதா, அப்பிள்ளைகளை அந்த வரம்புக்குள்ளேயே எண்ண வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் திருத்தியதால் பொருளிழந்தது. வாக்னரே அதைக் கைவிட்டார்.

இன்றைய நடைமுறையின் வேர் 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஃப்ளோரஸ் வழக்கில் உள்ளது. அப்போதைய குடியேற்றத் துறை, பிடிபட்ட பிள்ளையைப் பெற்றோரிடமோ சட்டக் காப்பாளரிடமோ அன்றி, அத்தையோ மாமனோ நேரில் வந்து கேட்டாலும் விடுவதில்லை என்ற விதியைக் கைக்கொண்டிருந்தது. முறையான ஆவணம் இல்லாத பெற்றோர் தாமும் பிடிபடுவோம் என அஞ்சி வர இயலாததால், பிள்ளைகள் காவலிலேயே கிடந்தனர். பாசடீனா நகரில் முள்வேலி சூழ்ந்த ஒரு பழைய விடுதியில் அவர்கள் வைக்கப்பட்டனர். அங்கே முன்பின் அறியாத பெரியவர்களோடு அறையைப் பகிர நேர்ந்தது, ஆடை களைந்து சோதிக்கப்பட்டனர், படிப்புக்கும் வழியில்லை. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்துறை பின்னர் திருத்திய விதியை ஏற்றபோதிலும், வழக்கு 1997இல் ஓர் இணக்க ஒப்பந்தத்தில் முடிந்தது. பிள்ளைகளைத் தேவையற்ற தாமதமின்றி விடுவிக்க வேண்டும், விடுவிக்கும்வரை வயதுக்கேற்ற, கடுமை குறைந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பன அதன் சாரம். நீதிமன்றத்தில் தோற்ற பிள்ளைகளுக்கு அந்த ஒப்பந்தமே அரணாயிற்று என்பது இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்கது.

2008 டிசம்பரில் இயற்றப்பட்ட, வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் பெயர் தாங்கிய ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், துணையற்ற சிறாரை 72 மணி நேரத்துக்குள் சுகாதார, மனித சேவைத் துறையிடம் ஒப்படைக்கக் கட்டளையிட்டது. ஆனால் அது ஒரு பிளவையும் உண்டாக்கியது: எல்லையை ஒட்டிய மெக்சிகோ, கனடா நாட்டுப் பிள்ளைகள், கடத்தலுக்கு ஆளாகவில்லை, திரும்ப அச்சமில்லை, தாமே முடிவெடுக்கும் திறன் உண்டு என எல்லை அதிகாரி கண்டால், நீதிபதியைக் காணாமலேயே திருப்பி அனுப்பப்படலாம், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் பிள்ளைகளுக்கோ விசாரணை உண்டு.

2014 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் பிடிபட்ட சிறார் எண்ணிக்கை 68,541 வரை பெருகிய வேளையில், இந்தப் பிளவை நீக்கும் மசோதாக்கள் எழுந்தன. டெக்சஸைச் சேர்ந்த செனட்டர் ஜான் கார்னினும் கீழவை உறுப்பினர் ஹென்றி குவெயாரும் முன்வைத்த மசோதா, அனைவருக்கும் ஒரே சோதனை என்றும், புகலிடம் போன்ற பாதுகாப்பைக் கோருவோர்க்கு ஏழு நாளில் விசாரணை, அடுத்த 72 மணி நேரத்தில் தீர்ப்பு என்றும் கூறியது. குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை இல்லாத நிலையில், மொழியறியாத பிள்ளை ஏழு நாளில் வழக்கறிஞரைத் தேடி, தன்னை மிரட்டிய கும்பலைப் பற்றி அந்நியர் முன் வாய்திறக்க வேண்டும் என்பது நீதியின் வேகமன்று, அனுப்பிவிடும் அவசரமே. அம்மசோதா நிறைவேறவில்லை. பிளவை நீக்கும் அதே மாற்றத்தை உள்ளடக்கிய எல்லைப் பாதுகாப்பு மசோதா 2023 மே மாதம் கீழவையில் நிறைவேறியும் செனட்டைக் கடக்கவில்லை.