போச்சா, போகலையா? - ஒரு சின்ன வரலாறு

ஹைதராபாத்தில் பொட்டி தட்டும் தமிழ்க் குடும்பத்தில் குழந்தை பிறந்துவிட்டால், ஊரிலிருந்து தினமும் வரும் போனில் இரண்டு கேள்விகள் தவறவே தவறாது. முதல் கேள்வி, "பால் குடிச்சானா?" இரண்டாவது, "வெளிக்குப் போனானா?" இரண்டாவது கேள்விக்கு, "நாலு நாளாச்சு அத்தை, போகலை" என்று பதில் சொல்லிப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் திருநெல்வேலி, கும்பகோணம், சேலம் என்று மூன்று ஊரிலிருந்து மூன்று வைத்தியம் வந்து இறங்கும். வெற்றிலைக் காம்பு, விளக்கெண்ணெய், கிரைப் வாட்டர். இங்கே மல்காஜ்கிரியில் அக்கம்பக்கத்துத் தெலுங்குப் பாட்டிகளும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் "ஆமுதம்" என்பார்கள். பெயர்தான் வேறு, அதுவும் அதே விளக்கெண்ணெய்தான் :-)

வேடிக்கை என்னவென்றால், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை, ஒன்றரை மாதம் தாண்டியபின் நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூடப் போகாமல் இருப்பது பெரும்பாலும் நோயே இல்லை. வயிறு மெத்தென்று இருந்து, குழந்தை நன்றாகக் குடித்து, எடையும் ஏறி, கடைசியில் போகும்போது இளகிப் போனால் அது மலச்சிக்கல் கணக்கில் வராது. இதை இன்றைக்கு எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். அப்படியிருக்க, இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் தோண்டினால் ஈராயிரம் வருடக் கதை வருகிறது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பிறந்த குழந்தை முதல் இரண்டு நாளில் கருப்பாக, பிசுபிசுவென்று போகும். மெக்கோனியம் என்று டாக்டர்கள் சொல்வதை, நம் பக்கம் காட்டுப்பீ என்பார்கள். கருவில் இருந்தபோதே குடலில் சேர்ந்தது அது. அதை வெளியே தள்ளும் வேலையைச் சீம்பால் பார்த்துக்கொள்கிறது. பிறகு மஞ்சளாக, தயிர் திரிந்ததுபோல, ஒரு நாளைக்கு நாலைந்து தடவைகூடப் போகும். ஆறு வாரம் வாக்கில் குடல் பக்குவப்படுகிறது. தாய்ப்பால் மிச்சம் மீதி அதிகம் இல்லாமல் செரிக்கிற உணவு. சக்கை குறைந்தால் வெளியே அனுப்பவும் அதிகம் இருக்காது. அதனால் சில குழந்தைகளுக்கு எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும். நேற்று வரை ஐந்து தடவை போன குழந்தை இன்று ஒரு தடவைகூடப் போகாவிட்டால் வீட்டில் பீதி கிளம்பத்தானே செய்யும்!

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கதை சீம்பாலில் தொடங்குகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த சொரானஸ், பெற்றவளின் பாலை முதல் இருபது நாள் வரை தரவேண்டாம், முதலில் காய்ச்சிய தேன் கொடுங்கள் என்று எழுதினார். நம் சுசுருத சம்ஹிதையும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பால் ஊறும் என்று கணக்கு வைத்து, அதுவரை தேனும் நெய்யும் தரச் சொன்னது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு நாடுகள். ஆனாலும் குழந்தையின் முதல் நாட்களுக்கு இரண்டும் தேனைத்தான் நம்பியிருக்கின்றன. நம்மூரில் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எல்லாம் இந்த இடைவெளியில் நுழைந்தவைதான். சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக இருந்ததால் அது கெட்டுப்போன பால் என்று பல ஊர்களில் பீய்ச்சிக் கொட்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். காட்டுப்பீயைத் தள்ளுவது சீம்பால். சீம்பாலைக் கொட்டிவிட்டால் அழுக்கு உள்ளே தங்கும். தங்கிய அழுக்கைத் தள்ள மருந்து வேண்டும். எனவே விளக்கெண்ணெய்! ஐரோப்பாவிலும் இதே கூத்துதான். பிறந்த சிசுவுக்குப் பேதி மருந்து, சர்க்கரை சேர்த்த வெண்ணெய் என்று எதையாவது வாயில் திணிப்பது அங்கும் வழக்கமாக இருந்தது.

1748-ல் லண்டனில் வில்லியம் கேடகன் என்ற டாக்டர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரியின் நிர்வாகிகளில் ஒருவருக்கு எழுதிய கடிதம் அது. தாயின் முதல் பாலே பேதி மருந்து, குழந்தையின் வயிற்றில் சேர்ந்திருப்பதை அதுவே சுத்தம் செய்துவிடும், வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இந்தச் சின்ன மாற்றம் எத்தனை சிசுக்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்பதைப் பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் வேலரி ஃபில்ட்ஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் சிசு மரணம் குறைந்ததற்கு, குழந்தையைச் சீக்கிரமே மார்பில் போட்டதும் ஒரு காரணம் என்பது அவர் முடிவு.

ஆனால் "சுத்தம் செய்யணும்" என்ற எண்ணம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு விஞ்ஞானச் சட்டை மாட்டினார்கள். குடலில் தங்கும் மலம் ரத்தத்தில் விஷமாக ஏறுகிறது என்ற கொள்கை பெரிய மனிதர்களிடமே செல்வாக்கோடு இருந்தது. 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மெட்ச்னிகாஃப் இதை நம்பினார். லண்டனின் பிரபல சர்ஜன் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்! பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் குழந்தைகள் தப்புமா? 1914-ல் அமெரிக்க அரசின் குழந்தைகள் துறை வெளியிட்ட பிரசுரம், மூன்றாம் மாதத்துக்குள்ளேயே குழந்தையை நேரப்படி மலம் கழிக்கப் பழக்கச் சொன்னது. அதே காலத்தில் நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற டாக்டர், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், எல்லாமே கடிகாரப்படி என்று ஓர் இயக்கமே நடத்தினார்.

கூடவே புட்டிப்பால் வந்தது. பசும்பாலிலும் பவுடர் பாலிலும் வளரும் குழந்தை பொதுவாகக் கெட்டியாகப் போகும். அதற்கு மலச்சிக்கல் வருவதும் அதிகம். அந்தக் குழந்தை மூன்று நாள் போகாவிட்டால் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே அளவுகோலைத் தாய்ப்பால் குழந்தைக்கும் வைத்தார்கள். தினமும் ஒரு தடவை என்பது சட்டமாகிவிட்டது. சட்டம் வந்தால் அதை மீறுகிறவர்களுக்கு மருந்தும் வரும்தானே.

அந்த மருந்துகளில் நமக்கு ரொம்பப் பழக்கமானது கிரைப் வாட்டர். 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் தயாரித்தது. சதுப்பு நிலப் பகுதிகளில் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுத்த ஒரு மருந்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரை, தண்ணீர், அதோடு கொஞ்சம் சாராயம். குழந்தை ஏன் சமர்த்தாகத் தூங்கியது என்று இப்போது புரிகிறதா? பிரிட்டனில் 1992 வாக்கில்தான் சாராயத்தை முழுக்க எடுத்தார்கள். நம்மூருக்கு டி.டி.கே. நிறுவனம் வழியாக வந்து, பாட்டி அம்மாவுக்குச் சொல்ல, அம்மா மகளுக்குச் சொல்லும் அந்த டிவி விளம்பரத்தால் வீட்டுக்கு வீடு அலமாரியில் உட்கார்ந்துவிட்டது.

இன்னொரு மருந்தின் கதை இவ்வளவு லேசானது இல்லை. கேலமெல் என்று ஒரு பவுடர். பாதரச உப்பு. பேதிக்கு நன்றாகக் கேட்கும் என்பதால் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடிகளில் அதைச் சேர்த்து விற்றார்கள். அதே காலத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஒரு விநோத நோய். கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, குழந்தை ஓயாமல் அழும், வெளிச்சத்தைப் பார்க்காது. சில குழந்தைகள் இறந்தும் போயின. பல வருடம் காரணமே தெரியவில்லை. 1945-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கனி என்ற டாக்டரும் அவர் சகாவும் அப்படி ஒரு குழந்தையின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் 1954-ல் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்ததும் நோயும் கிட்டத்தட்ட மறைந்துபோனது. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் எத்தனையோ குழந்தைகள்!

"அது வெள்ளைக்காரன் பவுடர், நம்ம விளக்கெண்ணெய் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். சங்கிலோ பாலாடையிலோ எண்ணெயை எடுத்து, காலில் படுக்கப்போட்டு, மூக்கைப் பிடித்து ஊற்றும்போது அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி எண்ணெயால் வரும் நிமோனியாவைப் பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரையே வந்திருக்கிறது. வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் அந்த மெல்லிய இடத்தில் புண்ணாக்கும். வாய்வழி தரும் மற்றதெல்லாம் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று 2001-லிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

இந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொரு பயம் ஒளிந்திருக்கிறது. "எனக்குப் பால் போதலையோ?" அதற்கு விடை தேடிய ஆராய்ச்சிக்கும் மல்காஜ்கிரிக்கும் தூரம் அதிகமில்லை. இங்கிருந்து சில கிலோமீட்டரில் தார்நாகாவில் இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதுவும் நம்மைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்ததுதான்! 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஒரே ஒரு அறையில் தொடங்கியது, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அதே 1918-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூர்க் காலத்திலேயே ஏழைத் தாய்மாரின் தாய்ப்பாலை அளந்து ஆராய்ந்தவர். பின்னால் அதே நிறுவனத்துக்கு இயக்குநராகி, 101-வது வயதில் 2019-ல் மறைந்தார். சரியாகச் சாப்பாடு கிடைக்காத தாய்க்கும் நாம் நினைப்பதைவிட நல்ல பால் சுரக்கிறது, ஆனால் அதற்கான விலையை அவள் உடம்பு கொடுக்கிறது என்பதை அந்த ஆராய்ச்சிகள் காட்டின. பால் போதுமா என்று சந்தேகம் வந்தால் குழந்தையின் எடையைப் பார்க்கவேண்டும். தாய்க்குச் சோறு போடவேண்டும். விளக்கெண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை.

அப்படியானால் பாட்டிகள் கேட்பது வெட்டிக் கேள்வியா? இல்லை என்பதுதான் சுவாரசியம். முதல் நான்கு வாரத்துக்கு அது மிகச் சரியான கேள்வி. அந்த நாட்களில் குழந்தை தினமும் பல தடவை போகவேண்டும். போகாவிட்டால் பால் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமாகலாம். உடனே எடை பார்க்கவேண்டும். பிறந்து 48 மணி நேரத்தில் காட்டுப்பீ போகவில்லை என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும். 1886-ல் டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் விவரித்த, குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் கோளாறாக அது இருக்கலாம். எத்தனை மாதமானாலும் வயிறு உப்பி இறுகியிருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வெள்ளையாகப் போனாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்கவே கூடாது.

ஆக, கேள்வியில் பழுதில்லை. அது எந்த வயதுக் குழந்தைக்கான கேள்வி என்பது மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஆறு வாரம் வரைக்கும் "போச்சா?" என்று கேளுங்கள். அதற்கப்புறம் "எடை ஏறுதா, ஒன்றுக்கு ஒழுங்காகப் போகுதா, சிரிக்குதா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால், குழந்தையின் ஐந்தாம் நாள் விரதத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம். விரதம் முடியும் நாளில் மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மடியில் தூக்கி வைக்காதீர்கள் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுகிறவன். சந்தேகம் வந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து வரும் மூன்று போனையும் எடுங்கள், "சரி அத்தை" என்று சொல்லுங்கள், விளக்கெண்ணெயை மட்டும் விளக்குக்கு ஊற்றுங்கள்.