டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த கதை

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். 1859இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து உருவாக்கிய மின்கலத்தின் வழிவந்ததுதான் அது. வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்கும். தானாக எதையும் உண்டாக்காது.

பழைய அம்பாசடரில் அதற்குச் சார்ஜ் கொடுத்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடினால் அதற்குச் சக்தி போதாது. ராஜபாளையத்திலிருந்து வரும் வண்டி வன்னியம்பட்டி விலக்கில் சற்று நின்றால் போதும், ஹெட்லைட் மங்கும். ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். கார்பன் தேய்ந்ததையும் கட்-அவுட் கெட்டதையும் அந்த முள்ளே காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் நின்றால் டைனமோ பழுது என்று தீர்ப்பு.

1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. அது மாறுமின்சாரம் உண்டாக்க, டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கும். வண்டி நிற்கும்போதும் சார்ஜ் ஏறும். பின்னாளில் அம்பாசடருக்கும் அது வந்தது. ஆம்பியர் மீட்டர் இருந்த இடத்தைச் சிவப்பு விளக்கு பிடித்துக்கொண்டது.

ஆனால் ஒயரைக் கழற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டயோடுகளைச் சுட்டுவிடும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டரும் போகலாம்.

மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நிற்கும்போது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லையா? பெல்ட், பூத்துப்போன டெர்மினல், ஒயர், ஆல்டர்னேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள். புதுப் பேட்டரிக்குப் பணம் எடுப்பது அதற்குப் பிறகு.