சேப்பாக்கம் தந்த பாடம்

காஞ்சி மாநகரை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தைச் சமண காஞ்சி என்பர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387ஆம் ஆண்டளவில் விசயநகர அமைச்சர் இருகப்பர் எழுப்பினார் எனக் கல்வெட்டால் அறிகிறோம். கட்டுவித்தவரின் பெயரைக் கல் காத்துத் தந்திருக்கிறது. ஆனால் ஒரு கட்டடம் பிறப்பதற்குக் கட்டுவிப்பவர் ஒருவர் மட்டும் போதாது. அதற்கு வடிவம் வகுப்பவர் வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பும் கைகள் வேண்டும். அவர்கள் பார்த்துப் பழகிய பழைய கட்டடங்களும் வேண்டும். இவற்றுள் கடைசியாகச் சொன்னதையே நாம் எளிதில் மறந்து விடுகிறோம்.

அதே காஞ்சி வட்டாரத்திலுள்ள வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். அந்த நவாப் 1768ஆம் ஆண்டளவில் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனைக்கும், பின்னாளில் அந்நகரில் எழுந்த கல்விக்கூடங்களுக்கும் உள்ள உறவையே இங்கு நாம் நினைவுகூர விரும்புகிறோம். இவ்விரண்டையும் இணைத்தவர் ராபர்ட் சிசோம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்.

மாநிலக் கல்லூரிக்குக் கட்டடம் அமைக்க 1864இல் சென்னை அரசு ஒரு போட்டியை அறிவித்தது. அதில் வென்றவர் சிசோம். 1870இல் திறக்கப்பெற்ற அக்கட்டடம் பெரும்பாலும் இத்தாலியப் பாணியைச் சார்ந்தது. நம் நாட்டு மரபின் சாயல் அதில் குறைவு. சில ஆண்டுகள் கழித்து, 1874க்கும் 1879க்கும் இடையில், அதே கடற்கரையில் அவர் எழுப்பிய பல்கலைக்கழகச் செனட் மாளிகையோ முற்றிலும் வேறு விதமானது. மூலைக்கு மூலை குவிமாடம் தாங்கிய கோபுரங்கள், வரிசை வரிசையாய் வளைவுகள், வண்ணம் தோய்ந்த உட்புறம் என்று பைசாந்தியமும் இஸ்லாமியமும் அதில் கைகோத்து நிற்கின்றன.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? இடைப்பட்ட காலத்தில் சேப்பாக்கம் அரண்மனை சிசோமின் கைக்கு வந்திருந்தது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், நவாப் பட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒழித்தனர். அரண்மனை அரசின் உடைமையாகி அலுவலகமாயிற்று. ஹுமாயூன் மகாலும் கலஸ் மகாலுமாக இருந்த அந்த வளாகத்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு கோபுரத்தையும், வருவாய் வாரியத்துக்கான கட்டடத்தையும் சிசோம் சேர்த்தார். பழையதோடு புதியது இசைந்து நிற்க வேண்டுமென்றால் பழையதை நுணுகிப் பார்த்தாக வேண்டும், அவரும் பார்த்தார். அப்போதைய ஆளுநர் நேப்பியர் பிரபு 1870இல் ஆற்றிய உரையில், இந்தியப் பொதுக் கட்டடங்களுக்கு முஸ்லிம் கட்டடக் கலையே ஏற்றதென வாதிட்டார். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பணியும் சிசோமுக்கு வாய்த்தது. இந்து மன்னர் ஒருவரின் அரண்மனையிலும் வளைவும் குவிமாடமும் வீற்றிருப்பதை அவர் அங்குக் கண்டார்.

பின்னர்த் திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகம், பரோடாவில் மாபெரும் குவிமாடம் தாங்கிய கல்லூரி என அவர் பணி விரிந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் 1877 முதல் ஏற்றிருந்தார். இந்தோ-சாரசெனிக் என்று பெயர் பெற்ற அப்பாணி, சென்னை உயர்நீதிமன்றம் வரை தொடர்ந்தது.

இதிலுள்ள முரணை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆட்சியைப் பறித்தவர்களே அந்த ஆட்சியின் குவிமாடத்தைத் தம் அதிகாரத்தின் அடையாளமாகச் சூடிக்கொண்டனர். நவாபின் அரண்மனையை அலுவலகமாக விரித்த அதே சிசோம், இராயப்பேட்டையில் அலுவலகமாயிருந்த அமீர் மகாலை ஆற்காட்டு இளவரசர் குடும்பத்துக்கு இல்லமாக மாற்றித் தந்தார். 1876 முதல் அக்குடும்பம் அங்கு வாழ்ந்து வருகிறது.

எனினும் சிசோமின் திறமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. கற்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டவர் அவர்; அப்பண்பு போற்றத்தக்கது. அவரைப் புகழும்போது, அவருக்குப் பாடம் சொன்ன கட்டடத்தையும் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. கடற்கரைச் சாலையில் செல்லும் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள், மரங்களுக்கும் புதிய கட்டடங்களுக்கும் பின்னே மறைந்திருக்கும் அந்த அரண்மனையைத் தம் சிறுவர்க்குச் சுட்டிக் காட்டுகின்றன?

2012 ஜனவரியில் கலஸ் மகால் தீக்கிரையானது. பின்னர் அது புதுப்பிக்கப்பெற்றது நம் நற்பேறு. ஆனால் எரிந்ததை மீண்டும் எழுப்ப வேண்டுமானால், முன்பு இருந்தது எவ்வாறிருந்தது என்னும் குறிப்பு வேண்டும். இது அரண்மனைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. ஊர்தோறும் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன, இன்றும் எழுகின்றன. அவற்றின் திறப்புக் கல்லில் கொடையாளர்களின் பெயர்களைப் பொறிக்க நாம் மறப்பதில்லை. வரைபடத்தைப் பேழையில் பத்திரப்படுத்துவதும், வடிவமைத்தவர், தலைமைக் கொத்தனார், தச்சர் ஆகியோரின் பெயர்களை ஜமாஅத் ஏட்டில் எழுதி வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒரு பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிது கட்டத் துணியும் முன், அதன் தூண்களையும் மிஹ்ராபையும் அளந்து, படமெடுத்து வைக்கவேனும் நம் நிருவாகிகள் முன்வர வேண்டும்.