திருவமுதும் கேழ்வரகுக் களியும்

திருவேங்கடமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுக்களை அரசர் பெயரும் ஆண்டும் அறிவதற்காகவே பலரும் படிக்கின்றனர். அவற்றுள் ஒரு சமையற் கணக்கும் அடங்கியிருக்கிறது. அரிசி, நெய், பயறு, மிளகு, உப்பு, தயிர், சர்க்கரை, கறியமுது எனத் திருவமுதுக்குரிய பொருள்கள் அளவோடு அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. அக்கல்வெட்டுக்களுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழன்பர்களும், மும்பை, தில்லி முதலிய தொலைநகரங்களில் குடியேறிய நேயர்களும், தம் அடுக்களைக்கு முன்னோர் எழுதிவைத்த சான்று இது எனக் கொள்ளலாம்.

இக்கணக்கின் பின்னணி சுவையானது. விசயநகர வேந்தர் காலத்தில், 15, 16ஆம் நூற்றாண்டுகளில், அன்பர்கள் கோயிற் கருவூலத்தில் பொன் செலுத்தினர். அப்பொன்னைக் கொண்டு கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி வெட்டினர், கால்வாய் திருத்தினர். நீர் பெருகியதால் மிகுந்த விளைச்சலே நாள்தோறும் திருவமுதாயிற்று. அந்த அமுதில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்பது பெயர். சாளுவ நரசிம்மர் காலத்தில் நிறுவப்பெற்ற இராமானுசகூடங்களில் யாத்திரிகருக்கு உணவளிக்கப்பட்டது.

அவ்வுணவில் காரத்துக்கு மிளகே பயன்பட்டது. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னர் வந்தவை. இன்று நம் மண்ணின் பொருளெனக் கருதுவன பலவும் ஒருகாலத்தில் விருந்தாளிகளாக வந்தவையே. கேழ்வரகுங்கூட ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டுநிலங்களில் தோன்றிப் பன்னெடுங்காலத்துக்கு முன்பே இங்கு வந்து வேரூன்றியதாகும்.

நெல்லுக்கு ஏரி வேண்டும். ஏரிநீர் எட்டாத புன்செய்களில் உழவர் கேழ்வரகும் கம்பும் கொள்ளும் விதைத்தனர். தமிழர் களி என்பதைத் தெலுங்கர் சங்கட்டி என்றனர். கொள்ளை உலவலு என்றனர். பெயர் இரண்டாயினும் உழைப்பாளர் உண்ட உணவு ஒன்றே.

பின்னர் ஆலைகள் பெருகின. வெள்ளரிசி மதிப்பின் அடையாளமாயிற்று. 1983இல் ஆந்திர அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. ஏழையின் பசியைத் தணித்த அத்திட்டத்தை எவரும் குறைகூறார். எனினும், அரிசி எளிதாகக் கிடைக்கவே, களி ஏழ்மையின் சின்னமென ஒதுக்கப்பட்டது. இழப்பு இங்கேதான் நேர்ந்தது. மிகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் பெரும்பகுதி நீங்கிவிடும். சென்னை மாகாணத்தின் வடகடலோர மாவட்டங்களில் அத்தகைய அரிசியையே நம்பியிருந்தோரைப் பெரிபெரி நோய் வருத்தியது. நெல்லை வேகவைத்துக் குத்தும் புழுங்கலரிசியில் அச்சத்துப் பெரிதும் தங்குகிறது. 1918இல் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் இத்தகைய நோய்களை ஆராய்ந்தது; அதுவே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராமே உண்டு. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். இவற்றை உண்ணப் பெருஞ்செலவு வேண்டா. வாரத்தில் இரண்டு வேளை அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியோ கூழோ கொள்ளலாம். கேழ்வரகையும் பயற்றையும் முளைகட்டினால், இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருள் குறையும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அச்சத்து நன்கு சேரும். உணவுண்டவுடன் தேநீரும் காப்பியும் அருந்துவதைத் தவிர்த்தல் நன்று. கொள்ளு இரசமும், மோரும், ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலையும் எளியோர்க்கும் எட்டுவன.

1911இல் வட ஆற்காட்டினின்றும் கடப்பையினின்றும் பிரித்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இங்ஙனம் பன்முறை மாறியும் எல்லையின் இருபுறத்துப் புன்செய்களிலும் கேழ்வரகு விளைகிறது. நம் வீட்டு முதியோர் பலருக்கு அதன் பக்குவம் இன்றும் நினைவிலிருக்கும். அவர்களிடம் கேட்டுக் களி கிண்டும் முறையைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.