பால்மர நிலத்தில் எழுந்த தொழிற்பேட்டைகள்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் ஆலைகளைக் காண்கிறோம். இவற்றுள் பல தாமே முளைத்தவை அல்ல. அரசாங்கம் நிலம் வகுத்து, சாலையிட்டு, வரிச்சலுகை காட்டி வருவித்தவை.

ஒரு தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் குழுமுவதால் விளையும் நன்மையை ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அத்தகைய இடத்தில் கைத்திறன் ஒரு பட்டறையிலிருந்து மறு பட்டறைக்குப் பரவும். கருவி செய்வோரும் மூலப்பொருள் விற்போரும் அருகிலேயே வந்து தங்குவர். இது தலைமுறை தலைமுறையாக வளர்வது.

சிலாங்கூருக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. 1952இல் கோலாலம்பூரின் நெருக்கடியைத் தணிக்க, எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கரில் பெட்டாலிங் ஜெயா உருவாகத் தொடங்கிற்று. குடியிருப்புக்கெனப் பிறந்த அந்நகரிலேயே ஆலைகளுக்கும் இடம் ஒதுக்கினர். 1958ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில் சட்டம் புதிய ஆலைகளுக்குச் சில ஆண்டுகள் வருமானவரி விலக்கு அளித்தது. 1964இல் சிலாங்கூர் மாநில மேம்பாட்டுக் கழகம் தோன்றியது. சுங்கை ரெங்கம் வட்டாரத் தோட்ட நிலங்களில் ஷா ஆலம் எழுந்து, 1978இல் மாநிலத் தலைநகரும் ஆயிற்று. 1971இல் தடையற்ற வாணிப மண்டலச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சுங்கை வேயில் அயல்நாட்டு மின்னணு ஆலைகளுக்கு வழி பிறந்தது.

இங்கே கிண்டியை எண்ணிப் பார்த்தல் தகும். காமராசர் ஆட்சியில், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1958இல் திறக்கப்பட்ட அத்தொழிற்பேட்டையில் அரசே கொட்டகைகளைக் கட்டிச் சிறு தொழில் நடத்துவோர்க்கு அளித்தது. உள்ளூர்ப் பட்டறைக்காரனே அங்கு நோக்கம். சுங்கை வேயிலோ உறுப்புகள் கப்பலிலும் விமானத்திலும் வந்தன. பொருத்தப்பட்டு அவ்வாறே வெளியேறின. அக்கம்பக்கத்துச் சிறு பட்டறைகளுக்கு அவற்றால் கிடைத்த வேலை நெடுங்காலம் சொற்பமே.

வேலைவாய்ப்புப் பெருகியது உண்மை. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் திட்டம் வகுத்தோர் ஏக்கரை எண்ணியதுபோல் அந்நிலத்தில் வாழ்ந்தோரை எண்ணினார்கள் எனக் கூற என் மனம் ஒப்பவில்லை. பால்வெட்டுத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒன்று. தோட்டம் கைமாறி வேலை நின்ற நாளில் லயத்து வீடும் அவனுக்கு இல்லை. தமிழ்ப் பள்ளிகள் பலவும் தோட்ட முதலாளியின் மண்ணிலேயே நின்றன. ஆலை வாசலில் கேட்கப்பட்ட பள்ளிச் சான்றிதழும் கைத்தொழிற் பயிற்சியும் வெட்டுக்கத்தி பிடித்தவனிடம் இல்லை. அவற்றை அவன் மக்களுக்கு முன்கூட்டியே அளிக்கும் பொறுப்பு, தொழிற்பேட்டைத் திட்டத்தின் பகுதியாகக் கருதப்படவும் இல்லை.