துப்பாக்கிக்கேற்ற மருந்து: பேராக் வரலாற்றினூடே ஒரு பார்வை

முன்னுரை

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு ‘மருந்து’ என்னும் சொல் ஒரு பொருளோடு நிற்பதன்று. தோட்ட மருத்துவமனையில் கொடுப்பது மருந்து. லாலாங் புல்லை அழிக்கத் தெளிப்பதும் மருந்து. காட்டுப்பன்றியைச் சுடத் துப்பாக்கியில் இடுவதும் மருந்தே. மலாய் மொழியிலும் ‘உபாட்’ என்பது நோய்க்குரிய மருந்தாகவும், ‘உபாட் பெடில்’ என்பது வெடிமருந்தாகவும் வழங்குகின்றது. ‘பெடில்’ என்னும் அச்சொல்லே தமிழின் ‘வெடில்’, ‘வெடியுப்பு’ ஆகியவற்றின் வழிவந்தது எனக் கருதுவாரும் உளர்.

நோய்க்கேற்ற மருந்தைத் தெரிவது மருத்துவன் கடமை. துப்பாக்கிக்கேற்ற மருந்தைத் தெரிவது யார் உரிமை? தொடக்கத்தில் சுடுபவன் கையிலிருந்த இத்தெரிவு பின்னர்த் தொழிற்சாலைக்கும், இறுதியில் சட்டத்துக்கும் கைமாறியது. இக்கைமாற்றத்தில் தமிழர் நின்ற இடங்களைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருமருந்தும் கையளவும்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே கருமருந்து. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக் காலத்தில் ஒவ்வொரு வேட்டுக்கும் உரிய அளவைச் சுடுபவனே அளந்து இட்டான். அளவைவிட நுட்பமானது குருணையின் பருமன். சுள்ளி விரைந்து எரிவதும் கட்டை நின்று எரிவதும் அடுப்படியில் நாம் அறிந்ததே. அவ்வாறே பொடிக்குருணை விரைந்து எரியும். பருங்குருணை மெல்ல எரியும். சிறிய துப்பாக்கிக்கு முன்னதும் பீரங்கிக்குப் பின்னதும் ஏற்றவை. இடம் மாற்றி இட்டால் குழல் வெடிக்கலாம். அன்றேல் குண்டு வலுவிழந்து விழும்.

இம்மருந்துக்கு இரு குறைகள் இருந்தன. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திண்மக் கழிவாகவே எஞ்சியது, அது புகையாய்ச் சுடுபவன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது, குழலிலும் படிந்தது. அடுத்தது ஈரம். தீபகற்பத்தில் மிகுமழை பெறும் நகரங்களுள் ஒன்றான தைப்பிங்கைத் தன்னகத்தே கொண்ட பேராக்கில், மருந்தை உலர வைத்திருப்பதே பெரும்பணி.

1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ஆட்சிப் பேராளர் பர்ச் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பேராக் போர் மூண்டது. அப்போரில் ஆங்கிலேயப் படையினர் பின்வழியே தோட்டா இடும் துப்பாக்கிகளை ஏந்தி வந்தனர். ஆலையில் அளந்து அடைக்கப்பட்ட தோட்டா வந்ததும், மருந்தைத் தெரியும் உரிமை படைவீரன் கையைவிட்டு நீங்கிற்று. அவன் செய்ய வேண்டியது விசையை இழுப்பது மட்டுமே.

புகையில்லா மருந்தும் அருவங்காடும்

1888இல் ஆங்கிலேயப் படை ஏற்ற .303 அங்குல லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் தோட்டாவில் முதலில் ஏறத்தாழ 70 கிரேன் கருமருந்தே இருந்தது. 1889இல் ஏபெல், டிவார் என்னும் இருவர் உரிமம் பெற்ற கார்டைட் சில ஆண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்தது. நூல்நூலாய்ப் பிழியப்பட்டமையால், கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லடியாக இப்பெயர் அமைந்தது. முன்னிருந்த அளவில் பாதிக்கும் குறைவான கார்டைட்டே குண்டை முன்னிலும் விரைவாகச் செலுத்தியது. புகையும் பெரிதும் குறைந்தது.

எனினும் குண்டுக்கு ஏற்ற மருந்து குழலுக்கு ஏற்றதாக அமையவில்லை. கார்டைட்டின் கடும் வெப்பம் மெட்ஃபோர்டு குழலின் ஆழமற்ற வரிப்பள்ளங்களை அரித்தது. எனவே 1895இல் ஆழ்ந்த வரிகளைக் கொண்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது. பின்னர் மருந்தும் திருத்தப்பட்டது: 58 விழுக்காடாக இருந்த நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மருந்துக்காகத் துப்பாக்கியும் துப்பாக்கிக்காக மருந்தும் மாறிய வரலாறு இது. விசை, குழலின் ஆயுள், வெப்பத்தில் கெடாத தன்மை ஆகிய மூன்றையும் ஒருங்கே எடைபோடுவது இனித் தனியொருவனால் ஆகக்கூடியதன்று. வேதியியல் கூடமும் ஆலையும் வேண்டியிருந்தன.

அத்தகைய ஆலையொன்று தமிழ் மண்ணிலேயே எழுந்தது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903-04 அளவில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காட்டேரி அருவியின் நீர்மின்சாரம் அதற்குத் துணைநின்றது. இன்று அது, 2021இல் உருவான மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்கி வருகின்றது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு சாரார் பால்மரம் வெட்டக் கப்பலேறிய அதே காலத்தில், மற்றொரு சாரார் அதே பேரரசின் சுடுமருந்தைச் செய்யும் ஆலைக்குள் நுழைந்தனர் என்பது எண்ணத்தக்கது.

சுங்கை சிப்புட்டும் ஆறு தோட்டாக்களும்

1948 ஜூன் 16ஆம் நாள் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் அவசரகாலம் நாடு முழுமைக்கும் விரிந்தது. லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஏந்திய சிறப்புக் காவலர்கள் தோட்டங்களுக்குக் காவல் வந்தனர். உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

இவ்விதியின் கடுமையைத் தமிழர் உணர்ந்தது எஸ். ஏ. கணபதியின் வழக்கில்தான். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய அவர், சிலாங்கூரில் கைதுசெய்யப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றச்சாட்டு. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வாயுதம் சுடப்பட்டதா, யாரேனும் காயமுற்றனரா என்னும் வினாக்களுக்குச் சட்டத்தில் இடமில்லை, வைத்திருத்தலே போதுமானதாயிற்று.

விடுதலைக்குப் பின்னரும் இக்கட்டுப்பாடு தளரவில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் தண்டனையைக் கூட்டிய சுடுகலன் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுவோரும் தத்தம் துப்பாக்கிக்கேற்ற மருந்தை வாங்கி வீட்டிலேயே தோட்டாவை நிரப்பிக்கொள்ளுதல் இயல்பான பொழுதுபோக்கு. மலேசியாவிலோ, உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றமாகும்.

முடிவுரை

குருணையைக் கையால் அளந்த காலம், ஆலை அளந்து தந்த காலம், சட்டம் தோட்டாவை எண்ணிய காலம் என இவ்வரலாற்றை மூன்றாகப் பகுக்கலாம். முதற்காலத்தில் தமிழ்ச்சொல் மலாய் மொழிக்குச் சென்றிருக்கலாம். இரண்டாம் காலத்தில் தமிழ் மண் ஆலைக்கு இடமளித்தது. மூன்றாம் காலத்தில் தமிழர் ஒருவர் ஆறு தோட்டாக்களுக்காக உயிரிழந்தார்.

தோட்டத் தமிழரைப் பால்வாளியோடு மட்டுமே காட்டும் பாடநூற்பார்வை இதனால் சற்றேனும் விரிதல் வேண்டும். பேராக்கின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போய்விட்டன. அவசரகாலத்தைச் சிறுவயதில் கண்டோர் இன்று மிகச் சிலரே. மருந்து, ரவை, தோட்டா ஆகிய சொற்கள் அவர்கள் நாவில் எவ்வச்சத்தோடு வழங்கின என்பதைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் இப்பொழுதே கேட்டுப் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அகராதி அச்சொற்களின் பொருளைத் தரும்; அவற்றின் பின்னிருந்த அச்சத்தை அம்முதியோரே சொல்ல இயலும்.